நல்லெண்ணத்தில் திறந்த கதவு

கொக்கி அக்காவின் கடை நாலடி அகலம். ஒரு பக்கம் தையல்கடை, மறுபக்கம் போட்டோக் கடை, நடுவே மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிய இடம். உள்ளே ஒருவர் நின்றால் அடுத்தவர் தெருவில்தான் நிற்க வேண்டும். மூன்று சுவரிலும் வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சாவி வெட்டும் மெஷின் கிறீச்சிட ஆரம்பித்தால் தையல்காரர் தன் மெஷினை நிறுத்திவிட்டு, "முடிஞ்சதா அக்கா?" என்று கத்துவார். பூட்டைத் திறக்கிற சின்னக் கொக்கி ஒன்று எந்நேரமும் அக்காவின் கொண்டையில் செருகியிருக்கும். பெயர் வந்தது அதனால்தான்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஒரு பரீட்சைக் காலையில் கேள்வித்தாள் வைத்திருந்த பீரோவின் சாவி காணாமல் போனது. ஆளாளுக்குப் பதறிக்கொண்டிருந்தபோது இவர் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, நெளித்து, இரண்டே நிமிஷத்தில் பீரோவைத் திறந்துவிட்டார். தலைமையாசிரியை கட்டிப்பிடிக்காத குறை. ஆனால் மறுநாளே அந்தப் பீரோவுக்குப் புதுப் பூட்டு வந்தது. மேசை இழுப்பறைக்கும் ஒன்று வந்தது. டீத்தூள் டப்பா இருந்த அலமாரிக்கும் வந்தபோது அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவளை அவசரத்துக்கு எல்லாருக்கும் பிடிக்கும். அவசரம் முடிஞ்சதும் கொஞ்சம் தள்ளியே உக்காருவாங்க" என்று இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார். மனம் நோகாமல் வேலையை விட்டுவிட்டு முறையாகப் பயிற்சி எடுத்து, பூட்டுத் திறப்பவருக்கான அரசு உரிமம் வாங்கி, கடையைப் போட்டார். உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டினார்.

அந்தப் பீரோ கற்றுக்கொடுத்த பாடத்தால் அவர் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். மூன்று கேள்வி, ஒரு அட்டை. யார் வந்து வீட்டைத் திறக்கச் சொன்னாலும் முதலில், கதவைத் திறந்ததும் உள்ளே என்ன தெரியும் என்று கேட்பார். அடுத்தது, இந்தக் கட்டடத்தில் உங்களைத் தெரிந்தவர் யார். மூன்றாவது, சாவி எப்படித் தொலைந்தது. பதில்கள் நம்பும்படி இருந்தால் பூட்டைத் திறப்பார். திறந்த பிறகு, ஆள் உள்ளே போய்ப் படம் ஒட்டிய அடையாள அட்டையை எடுத்து வந்து காட்ட வேண்டும். அதுவரை அக்கா வாசலை விட்டு நகர மாட்டார். பதினோரு வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை.

வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு.

போனில் பேசியவர் ஒரு நில அளவையாளர். புது வீட்டுக்குக் குடி வந்து இரண்டு நாள்தான் ஆகிறதாம். குப்பை கொட்டக் கீழே இறங்கியவர் பின்னால் காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. சாவி, போன், மூக்குக்கண்ணாடி மூன்றும் உள்ளே. காவலாளியின் போனிலிருந்து கூப்பிடுகிறார்.

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் காலிக் குப்பைக்கூடையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். அக்கா வருவது தெரியாமல் பக்கத்திலிருந்த தபால்காரரைப் பார்த்து, "வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்" என்றார்.

"அம்மா இங்க இருக்கேன் சார்" என்றார் அக்கா.

காவலாளியிடம் விசாரித்தார். "ஆமாக்கா, இங்கதான் குடி வந்திருக்கார். முந்தாநாள் நான்தான் சாமான் ஏத்த ஒத்தாசை பண்ணேன்" என்றார் அவர். ஒரு கேள்வி முடிந்தது.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. போதாக்குறைக்கு அந்த வாரம் படிக்கட்டுச் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்து, மாடி எண்களை எல்லாம் அழித்திருந்தார்கள். இருவரும் ஏறினார்கள். சாவி தொலைந்த கதையை அளவையாளர் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கதவின் முன் மூச்சு வாங்க நின்று, "இதுதான்" என்றார்.

"உள்ள நுழைஞ்சதும் என்ன தெரியும் சார்?"

"வலது பக்கம் செருப்பு அலமாரி. அதுக்கு மேல முகம் பாக்கற கண்ணாடி, ஓவல் வடிவம்."

அக்கா கொண்டையிலிருந்து கொக்கியை உருவினார். பூட்டு இரண்டு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கதவு திறந்தது. வலது பக்கம் செருப்பு அலமாரி. அதன் மேல் நீள்வட்டக் கண்ணாடி. சொன்னது சொன்னபடி இருந்தது.

"சரிங்க சார், உள்ள போய் அட்டையை..." என்று அக்கா வாயெடுக்கும்போதே அவருடைய போன் அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய மூன்று வயதுக் குழந்தை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டது, குழாய் திறந்திருக்கிறது, குழந்தையின் சத்தத்தையே காணோம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

அக்கா நின்று யோசிக்கவில்லை. "சார், வந்துடறேன்!" என்று கத்திவிட்டுப் படிக்கட்டில் உருண்டுவிடாத குறையாக ஓடினார். நாலே நிமிஷத்தில் அந்தக் குளியலறைக் கதவைத் திறந்தார். குழந்தை ஒரு வாளிக்குள் உட்கார்ந்து, சோப்பு நுரையைத் தலையில் குல்லாயாக வைத்துக்கொண்டு, தொந்தரவு செய்துவிட்டீர்களே என்பதுபோல் எல்லோரையும் முறைத்தது. தாய்க்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அந்த நேரத்தில் அளவையாளரின் கட்டடத்தில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அளவையாளரின் வீடு நான்காவது மாடி. பேச்சு சுவாரசியத்தில் ஒரு மாடி முன்னதாகவே நின்றுவிட்டார். அக்கா திறந்தது மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருக்கும் பல் டாக்டரம்மாவின் வீட்டை. செருப்பு அலமாரியும் நீள்வட்டக் கண்ணாடியும் கட்டடம் கட்டியவர் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி போட்டுக் கொடுத்தவை.

உள்ளே போனவருக்கு எல்லாம் பனி மூட்டமாகத்தான் தெரிந்தது. 'பிரிக்காத பெட்டியெல்லாம் எங்கே போச்சு' என்று ஒரு கணம் தோன்றியதாம். மூக்குக்கண்ணாடி கிடைத்துவிட்டால் பெட்டியும் தானாகக் கண்ணில் படும் என்று தேற்றிக்கொண்டு தேட ஆரம்பித்தார். சோபா மெத்தையைப் புரட்டினார். சமையலறை இழுப்பறைகளைத் திறந்தார். கடைசியில் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தபோது ஒரு மூக்குக்கண்ணாடி கைக்கு அகப்பட்டது. மாட்டிக்கொண்டார். பவர் பாதிதான் இருந்தது, ஆனாலும் எதிர்ச்சுவர் தெரிந்தது. அதில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மா, தேங்காய் அளவுள்ள ஒரு பல் பொம்மையைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டிருக்கும் பெரிய படம்.

'இது யாருடைய பல்?' என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, படத்தில் இருந்த அதே அம்மா குடையை ஓங்கியபடி அறை வாசலில் நின்றார்.

டாக்டரம்மா அலறவில்லை. அறைக் கதவை இழுத்து வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார். உள்ளிருந்து, "அம்மா, மாடி தப்பிப்போச்சும்மா! நான் ஊரையே அளக்கறவன்மா!" என்று குரல் வந்துகொண்டே இருந்தது.

போலீஸ் வந்து காவலாளியை விசாரித்து, நாலாவது மாடி வீட்டைப் பார்த்ததுமே அளவையாளரை விட்டுவிட்டது. தன் வீடு என்று நம்பி நுழைந்தவரைத் திருடன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் கொக்கி அக்காவின் பாடு அவ்வளவு எளிதில் தீரவில்லை. குடியிருப்பவர் சம்மதமில்லாமல் வீட்டைத் திறந்த உரிமதாரர் மேல் வழக்குப் போட வேண்டும் என்று பூட்டுத் திறப்போர் சட்டத்தில் இருந்தது. குற்றம் உறுதியானால் உரிமம் ரத்து. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த புகாரிலும் நியாயம் இருந்தது. "என் வீட்டுக்குள்ள முன்பின் தெரியாத ஒருத்தர் கட்டிலுக்கு அடியில இருந்திருக்கார். இது யாராவது ஒருத்தரோட பொறுப்புதானே?"

அன்று சாயங்காலம் வீட்டில் சபை கூடியது. அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர். முன்னூறு நோயாளிகளுக்கு உப்பில்லாமல் சமைத்துவிட்டு வந்து, வீட்டுக் குழம்பில் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறவர். அவருடைய தங்கை, அக்காவின் நாத்தனார், நாலு வருஷமாக வக்கீல். அவள் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்து சேர்ந்தாள்.

"பயப்படாதீங்க அண்ணி. நல்லெண்ணத்தோட திறந்திருந்தா குற்றமில்லைன்னு இதே சட்டத்துல இருக்கு."

"அப்புறம் என்ன? உங்க அண்ணி மனசுல கெட்ட எண்ணம் இருந்துச்சுன்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம்" என்று வீட்டுக்காரர் கரண்டியை ஓங்கினார்.

"மனசு நல்லா இருந்தா மட்டும் போதாதுண்ணா. இதோ பாரு. 'தக்க கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ளக் கூடாது.' எண்ணம் சுத்தமா இருக்கணும், கையும் கவனமா இருந்திருக்கணும். வேற சில சட்டத்துல அசட்டையா செஞ்சிருந்தாலும் நேர்மையா செஞ்சிருந்தாப் போதும். இந்தச் சட்டத்துல அப்படி இல்ல."

"ஒரே சொல்லுக்கு எடத்துக்கு எடம் வேற அர்த்தமா?"

"ஏங்க, அளவா உப்புங்கறீங்க. ஆஸ்பத்திரியில ஒரு அளவு, நம்ம வீட்டுல ஒரு அளவுதானே?" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சாப்பாட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்தார். கை கவனமாக இருந்ததா என்ற கேள்வி அவரை விடவில்லை.

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். அட்டையைப் பார்க்காமல் ஓடிய இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினாள். "இதை நாமளா எடுத்துச் சொல்ல வேணாம் அண்ணி. கேட்டா மட்டும் சொல்லுங்க. கேக்கலைன்னா விட்டுடலாம்."

"உன் அண்ணன் கறி கருகிப்போச்சுன்னா மேலாப்புல எடுத்துப் பரிமாறுவாரே, அது மாதிரியா?"

"நான் எப்போ அப்படிப் பண்ணேன்?" என்று வீட்டுக்காரர் எழுந்தார். அதோடு சபை கலைந்தது.

விசாரணை நாள் வந்தது. சின்ன நீதிமன்றம், மின்விசிறி சுற்றும்போதெல்லாம் மேசைமேலிருந்த காகிதங்கள் எழுந்து எழுந்து அமர்ந்தன. நீதிபதி ஒல்லியான மனிதர். பேசுகிறவர் முகத்தைப் பார்த்தபடி பென்சில் சீவிக்கொண்டே கேட்பது அவர் வழக்கம். காவலாளி தான் சொன்னதை ஒப்புக்கொண்டார். அளவையாளர், புது மூக்குக்கண்ணாடி மின்ன, எல்லாத் தப்பும் தன்னுடையதே என்று சாட்சி சொன்னார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"நில அளவைங்க ஐயா."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

"நிலத்தை மட்டும்தான் அளப்பீங்க போலிருக்கு, உயரத்தை இல்ல" என்றார் நீதிபதி. பின்வரிசையில் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

பிறகு கொக்கி அக்கா கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேள்விகளைக் கேட்டார். மூன்று கேள்வி கேட்டதை அக்கா சொன்னார். காவலாளியிடம் விசாரித்ததைச் சொன்னார். அரசு வக்கீல் தலையாட்டிவிட்டு உட்காரப் போனார். அட்டையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நாத்தனார் நிம்மதியாக மூச்சு விட்டது கூண்டு வரைக்கும் கேட்டது.

"ஐயா, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் அக்கா.

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கதவைத் திறந்ததும் அடையாள அட்டையைப் பாத்துட்டுத்தான் நான் கெளம்புவேன். அது என் வழக்கம். அன்னிக்குப் பாக்கல."

அரசு வக்கீல் சட்டென்று எழுந்துவிட்டார். "ஏன் பாக்கல?"

அக்கா குழந்தையின் கதையைச் சொன்னார். வாளியும் சோப்புக் குல்லாயும் வந்தபோது நீதிபதியின் பென்சில் நின்றது.

"அப்போ குழந்தைக்காகத்தான் விட்டீங்க. அதே மாதிரி இன்னொரு தடவை போன் வந்தா?" என்று அரசு வக்கீல் மடக்கினார்.

"இன்னொரு தடவையும் ஓடுவேங்க."

"அப்படின்னா உங்க மேல தப்பே இல்லைன்னு சொல்றீங்க?"

அக்கா நீதிபதி பக்கம் திரும்பினார். "இல்லைங்க. நான் ஒரு வாரமா இதையேதான் நினைச்சுட்டிருக்கேன். ஓடினது தப்பில்ல. ஆனா ஓடறதுக்கு முன்னாடி அந்தக் கதவை இழுத்துச் சாத்தியிருக்கலாம். இழுத்தா தானா பூட்டிக்கற பூட்டு அது. ஒரு விநாடி வேலை. சார் பத்து நிமிஷம் வெளிய நின்னிருப்பார், அவ்வளவுதான். எனக்கு அது தோணல. குழந்தைன்னதும் மத்ததெல்லாம் மறந்துடுச்சு. நான் நல்லது நினைச்சுத்தான் செஞ்சேன். அது கவனத்துல சேருமா சேராதான்னு எனக்குச் சொல்லத் தெரியல. அதை நீங்கதான் சொல்லணும்."

நீதிபதி அந்தக் குழந்தையின் தாயை அழைத்து விசாரிக்கச் சொல்லி, மதியத்துக்குத் தள்ளிவைத்தார். நாத்தனார் தாழ்வாரத்துக்கு வந்ததும், "நீங்க கதவைத் திறக்கறதோட நிறுத்திக்கக் கூடாதா அண்ணி? வாயையும் திறக்கணுமா?" என்று அழாத குறையாகக் கேட்டாள். அண்ணி அவள் கன்னத்தைத் தட்டி, கைப்பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

மதியம் குழந்தையின் தாய் வந்தாள். இடுப்பில் குழந்தையும் வந்தது. போன் வந்த நேரம், குளியலறை திறந்த நேரம் எல்லாம் ஒத்துப்போயின. குழந்தை நீதிபதியின் பென்சிலைக் கேட்டது. அவரும் கொடுத்துவிட்டு, கையில் பென்சில் இல்லாமலே தீர்ப்பைச் சொன்னார்.

"நல்லெண்ணம்னு சொல்லிக்கிட்டு இங்க நிறையப் பேர் வர்றாங்க. நான் நல்லவன், அதனால செஞ்சது நல்லெண்ணம்தான்னு வாதாடுவாங்க. சட்டம் அதைக் கேக்கல. நம்பினீங்களான்னு கேக்குது, நம்பறதுக்கு முன்னாடி விசாரிச்சீங்களான்னும் கேக்குது. இந்த அம்மா விசாரிச்சிருக்காங்க. கிடைச்ச பதிலெல்லாம் பொருந்தியிருக்கு. அந்தப் பதில் எல்லா வீட்டுக்கும் பொருந்தும்னு அவங்களுக்குத் தெரிய வழியில்ல. கதவைச் சாத்தியிருக்கலாம்தான். ஆனா சட்டம் கேக்கறது, ஒரு மனுஷர் அந்த நிமிஷத்துல, அந்த அம்மாவோட அழுகையைக் காதுல வாங்கிட்டு, எவ்வளவு கவனமா இருக்க முடியுமோ அவ்வளவுதான். ஒரு வாரம் உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிச்ச கவனத்தை அந்த ஒரு விநாடியில கேக்க முடியாது. இது நல்லெண்ணத்துல செஞ்சதுதான். வழக்குத் தள்ளுபடி."

பிறகு அக்காவைப் பார்த்து, "இனிமே சாத்திட்டு ஓடுங்க" என்றார். "இப்போ உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த தடவை தோணலைன்னு சொன்னா நான் ஏத்துக்க மாட்டேன்."

"சரிங்க ஐயா" என்றார் அக்கா. கூண்டிலிருந்து இறங்கினார். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் சமையல் உடுப்போடு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடமிருந்து வெங்காய வாசம் அடித்தது.

நீதிமன்றத்துக்கு எதிர் டீக்கடையில் டாக்டரம்மா அவர்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, "ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க டாக்டர்."

"நான் தொழிலுக்கு வந்த புதுசுல, ஒருத்தர் வலிக்குதுன்னு காட்டின பல்லைப் பிடுங்கினேன். அது நல்ல பல்லு. வலிச்சது அதுக்கு அடுத்தது."

"ஐயய்யோ!"

"அவர் காட்டினதைத்தானே பிடுங்கினேன்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. எக்ஸ்ரே எடுக்காம விட்டது என் தப்புன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன். அவர் என்னைவிட்டு வேற டாக்டர்கிட்ட போவார்னு நினைச்சேன். இன்னிக்கு வரைக்கும் என்கிட்டதான் வர்றார், குடும்பத்தோட. இன்னிக்கு நீங்க கூண்டுல அதைச் சொன்னப்போ எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்துச்சு."

அந்த நேரம் பார்த்து அளவையாளர் டீக்கடைக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தார். டாக்டரம்மாவைக் கண்டதும் திரும்பப் போனவரை அக்கா கூப்பிட்டு உட்கார வைத்தார். வந்தவர் முதல் வேலையாக, "உங்க சமையலறை இழுப்பறையில ரெண்டாவது சரியா மூடல. இழுத்துப் பாத்தேன். நான் வேணும்னா சரிபண்ணித் தர்றேன்" என்றார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டு டீ புரையேறிவிட்டது.

"அதிருக்கட்டும்" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் ஏழு வருஷமா நம்பிட்டிருந்த பூட்டை நீங்க எவ்வளவு நேரத்துல திறந்தீங்க?"

"ரெண்டு நிமிஷம்கூட இல்ல டாக்டர்" என்றார் அக்கா கூச்சத்தோடு.

"அப்போ உங்களால முடியாத பூட்டு ஒண்ணு கொண்டு வந்து மாட்டுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மூன்றாவது மாடிக்குப் போனார். அளவையாளர் அளவுகோலும் பென்சிலுமாக முன்பே ஆஜர். துளை போட வேண்டிய இடங்களை அவர் குறித்துக் கொடுத்த துல்லியத்தைப் பார்த்து அக்காவே அசந்துபோனார். ஒரு திருகுகூட மாற்றிப் போட வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்திருந்த அளவையாளரின் மனைவி மேலேயிருந்து எல்லோருக்கும் டீ கொண்டு வந்தார். நடந்ததை எல்லாம் அவரிடம் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். புருஷன் கட்டிலுக்கடியில் தவழ்ந்த இடத்தை மட்டும் அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

புதுப் பூட்டு கனமாக, மெத்தென்று மூடியது. அக்கா கொக்கியை உருவி, தன்னால் ஆனமட்டும் முயன்று பார்த்தார். கால் மணி நேரம் போனது. நெற்றி வியர்த்ததே தவிர, பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக அவர் தோற்றதே இல்லை.

பூட்டோடு வந்த நாலு சாவிகளையும் டாக்டரம்மா உள்ளங்கையில் வைத்து எண்ணினார். ஒன்றைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டார். ஒன்று கைப்பைக்கு. ஒன்று தன் பல் ஆஸ்பத்திரி மேசைக்கு. நாலாவதைக் கையில் வைத்தபடி சற்று யோசித்தார்.

"நான் எங்கயாவது மாட்டிக்கிட்டா ஒண்ணு பக்கத்துல இருக்கணும்" என்று அளவையாளர் பக்கம் நீட்டினார். அவர் நெகிழ்ந்துபோய் இரண்டு கையையும் ஏந்தினார்.

டாக்டரம்மா அந்தக் கைகளைத் தாண்டி அவருடைய மனைவியிடம் சாவியைக் கொடுத்தார்.